மிகப் பழைய ஆர்டரைத் தேடும் லூப் இரண்டாவது ஆர்டரைப் பிடிப்பது ஏன்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மெட்டாட்ரேடர் 4 என்ற டிரேடிங் மென்பொருளுக்கு ஒரு எக்ஸ்பர்ட் அட்வைசர், அதாவது தானாக டிரேடு செய்யும் புரோகிராம், எழுதியிருக்கிறீர்கள். யூரோ-டாலரில் அது ஒன்றன்பின் ஒன்றாகச் சில பை (வாங்கும்) ஆர்டர்களைத் திறக்கிறது. ஒரு நிபந்தனை நிறைவேறியதும், இருப்பதிலேயே பழைய ஆர்டரை மட்டும் மூட வேண்டும். அதைக் கண்டுபிடிக்க ஒரு ஃபங்ஷன் எழுதினீர்கள். முதலில் அது எப்போதும் 0 என்றே தந்தது. நண்பர் சொன்னார் என்று நிபந்தனையை மாற்றினீர்கள். இப்போது மூன்று விதமான கோளாறு: ஒரே ஒரு ஆர்டர் இருக்கும்போது எதுவுமே கிடைப்பதில்லை. மூன்று ஆர்டர் இருந்தால் இரண்டாவதைப் பிடித்து மூடுகிறது. அதை மூடிய பிறகு ஒவ்வொரு டிக்கிலும், அதாவது விலை மாறும் ஒவ்வொரு முறையும், 4108 என்ற பிழை வருகிறது. லூப் எந்தத் திசையில் ஓட வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

மூன்று கோளாறுக்கும் ஒரே காரணம் இருக்கும் என்று நினைத்து ஒரு வரியையே மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறீர்கள். உங்கள் லூப்பில் இருப்பது ஒன்றல்ல, தனித்தனிப் பிழைகள். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று மறைந்துகொள்ளும், அதில் ஒரு மறைவு ஆபத்தானது. அதனால் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

உங்கள் கோடு சொல்வது இதுதான். ஃபங்ஷனுக்கு வெளியே, அதாவது குளோபலாக, ‘பழையநேரம்’, ‘பழையடிக்கெட்’ என்று இரண்டு வேரியபிள்கள், இரண்டும் 0. (டிக்கெட் என்பது ஒவ்வொரு ஆர்டருக்கும் உள்ள தனி எண்.) லூப்பில் ‘ஐ’ என்ற எண் ஆர்டர்ஸ்டோட்டல் தரும் மதிப்பில், அதாவது ஆர்டர்களின் மொத்த எண்ணிக்கையில், தொடங்கி, ‘ஐ > 0’ ஆக இருக்கும் வரை ஒன்று ஒன்றாகக் குறைகிறது. உள்ளே ஆர்டர்செலக்ட் மூலம் ‘ஐ’ என்ற இடத்தில் உள்ள ஆர்டரைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். சிம்பலும் (எந்த நாணய ஜோடி என்பது) மேஜிக் நம்பரும் (எந்த எக்ஸ்பர்ட் அட்வைசர் போட்டது என்று காட்டும் எண்) பொருந்தினால், ‘பழையநேரம் == 0 அல்லது ஆர்டர் திறந்த நேரம் < பழையநேரம்’ என்று பார்த்து, ஆம் என்றால் நேரத்தையும் டிக்கெட்டையும் எடுத்து வைக்கிறீர்கள். லூப் முடிந்ததும் டிக்கெட்டைத் திருப்பித் தருகிறீர்கள்.

முதலில் ஏன் எப்போதும் 0 வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றவை புரிய அது உதவும். எம்கியூஎல்4-இல், அதாவது மெட்டாட்ரேடர் 4-இன் நிரல்மொழியில், நேரம் என்பது 1970 ஜனவரி 1-இலிருந்து எத்தனை விநாடி ஆயிற்று என்ற எண். ஆகவே 0 என்றால் ‘நேரம் இல்லை’ என்று அர்த்தமில்லை. 1970 ஜனவரி 1, நள்ளிரவு என்று அர்த்தம். அதற்கு முன்பு திறந்த ஆர்டர் உலகத்திலேயே கிடையாது. ‘இதைவிடச் சிறியதா?’ என்று கேட்டால் எல்லா ஆர்டரும் ‘இல்லை’ என்றுதான் சொல்லும். மிகச் சிறியதைத் தேடும்போது 0-வில் தொடங்கக் கூடாது. மிகப் பெரியதை, அதாவது கடைசியாகத் திறந்த ஆர்டரைத் தேடும்போது 0 சரியாக வேலை செய்யும். பலரும் அந்தக் கோடை எடுத்து ‘>’ குறியை ‘<’ ஆக்கிவிட்டு அப்படியே விட்டுவிடுகிறார்கள். நண்பர் சேர்க்கச் சொன்ன ‘== 0’ இந்த ஒரு சிக்கலைத் தீர்த்தது. அவர் சொன்னது சரிதான்.

இனி ஒரு தாளை எடுங்கள். கம்ப்யூட்டர் வேண்டாம். மூன்று ஆர்டர்கள் எழுதுங்கள். 0-ஆம் இடத்தில் டிக்கெட் 101, திறந்தது 10:05. 1-ஆம் இடத்தில் 102, திறந்தது 10:20. 2-ஆம் இடத்தில் 103, திறந்தது 10:40. மொத்தம் 3.

உங்கள் லூப் ‘ஐ = 3’ என்று தொடங்குகிறது. 3-ஆம் இடம் என்று ஒன்று இல்லை. இடங்கள் 0, 1, 2 மட்டும்தான். ஆர்டர்செலக்ட் தோற்றுப்போய் ‘பொய்’ என்று திருப்பித் தருகிறது. நீங்கள் அதைப் பார்க்கவே இல்லை. அடுத்த வரியில் சிம்பலைக் கேட்கிறீர்கள், வருகிற பதிலை நம்ப வழியில்லை. கம்பைல் செய்தபோது மெட்டாஎடிட்டர், ஆர்டர்செலக்ட் தரும் மதிப்பைச் சோதிக்கச் சொல்லி ஓர் எச்சரிக்கை வரி காட்டியிருக்கும். அது பிழை இல்லை என்பதால் பெரும்பாலானவர்கள் கண்டுகொள்வதில்லை. ஆர்டர் லூப்களில் அந்த எச்சரிக்கையைப் பிழைக்குச் சமமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ‘ஐ = 2’: 103 கிடைக்கிறது. பழையநேரம் இன்னும் 0, அதனால் 10:40 என்று எழுதிக்கொள்கிறது. ‘ஐ = 1’: 102. 10:20 என்பது 10:40-ஐ விட முன்னது, அதனால் இதை எடுத்துக்கொள்கிறது. ‘ஐ = 0’: இங்கேதான் லூப் நின்றுவிடுகிறது. ‘ஐ > 0’ என்றல்லவா எழுதியிருக்கிறீர்கள்! 101-ஐ யாரும் போய்ப் பார்க்கவே இல்லை. பதில் 102.

இரண்டாவது ஆர்டரைப் பிடித்த மர்மம் அவ்வளவுதான். ஒரே ஒரு ஆர்டர் இருக்கும்போது ஒன்றும் கிடைக்காததற்கும் இதுவே காரணம். மொத்தம் 1 என்றால் ‘ஐ = 1’ தோற்கிறது, 0-ஆம் இடத்துக்குப் போவதே இல்லை. பொதுவாகப் பழைய ஆர்டர் உட்கார்ந்திருப்பது 0-ஆம் இடத்தில்தான். தேடப்படுகிற ஆள் நிற்கிற இடத்தை மட்டும் விட்டுவிட்டு வீடு முழுக்கத் தேடியிருக்கிறது உங்கள் லூப். தொடக்கம் ‘மொத்தம் - 1’, முடிவு ‘ஐ >= 0’. இந்த இரண்டு மாற்றமும் சேர்ந்தே வர வேண்டும்.

பழையது 0-ஆம் இடத்தில்தான் இருக்கிறதென்றால் லூப்பே எதற்கு, நேரே 0-ஐ எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். இடத்தை வைத்துத் தேர்ந்தெடுக்கும்போது, சர்வரிலிருந்து வந்த வரிசையில்தான் ஆர்டர்கள் கிடைக்கும், அந்தப் பட்டியல் வரிசைப்படுத்தப்பட்டிருக்கும் என்று உத்தரவாதம் இல்லை என எம்கியூஎல்4-இன் ஆவணமே சொல்கிறது. பழைய விலைகளில் ஓட்டிப் பார்க்கும் ஸ்ட்ராடஜி டெஸ்டரில் நூறு முறை சரியாக வந்துவிட்டு, நிஜ அக்கவுண்டில் டெர்மினலை மூடித் திறந்த ஒரு நாளில் மாறி நிற்கலாம்.

இப்போது 4108. அதே தாளில் தொடருங்கள். 102 மூடப்பட்டுவிட்டது. மீதி 101-உம் 103-உம். மொத்தம் 2. அடுத்த டிக் வருகிறது, ஃபங்ஷன் மறுபடி ஓடுகிறது. பழையநேரம் குளோபல் வேரியபிள் என்பதால் அதில் இன்னும் 10:20 இருக்கிறது. ‘ஐ = 2’ தோற்கிறது. ‘ஐ = 1’: 103, நேரம் 10:40. இது 10:20-ஐ விட முன்னதா? இல்லை. லூப் முடிந்தது. பழையடிக்கெட்டில் இன்னும் 102 இருக்கிறது, அதையே திருப்பித் தருகிறது. மூடிய ஆர்டரை மறுபடி மூடச் சொல்கிறீர்கள்; ‘இப்படி ஒரு டிக்கெட் செல்லாது’ என்கிறது ஆர்டர்குளோஸ். 4108-க்கு அதுதான் பொருள். இனி எந்த ஆர்டரும் 10:20-ஐ விடப் பழையதாக வரப்போவதில்லை. ஆகவே எக்ஸ்பர்ட் அட்வைசரைக் கழற்றி மாட்டும் வரை இதே பிழைதான்.

தீர்வு எளிது. இரண்டு வேரியபிள்களையும் ஃபங்ஷனுக்கு உள்ளே, லூப்புக்கு முன்னால் அறிவியுங்கள். ஒவ்வொரு அழைப்பும் வெறும் கையோடு தொடங்க வேண்டும். ‘ஸ்டாடிக்’ என்று போட்டு உள்ளே வைத்தால் பலன் இல்லை, அதுவும் மதிப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

மேலே ஆபத்தான மறைவு என்று சொன்னேன் அல்லவா? 4108 கண்ணுக்குத் தெரிகிற பிழை. அதனால் இந்தக் குளோபல் விஷயத்தை மட்டும் சரிசெய்துவிட்டு லூப் எல்லையை அப்படியே விட்டுவிடுகிறீர்கள் என்று வையுங்கள். என்ன நடக்கும்? முதலில் 102 மூடப்படும். அடுத்து 103 மூடப்படும். அதன்பின் 101 மட்டும் மிஞ்சும், அதை லூப் பார்க்கவே பார்க்காது. பிழைச் செய்தி எதுவும் வராது. ஜர்னல் (டெர்மினலின் ‘எக்ஸ்பர்ட்ஸ்’ தாவலில் வரும் பதிவு) சுத்தமாக இருக்கும். ஆனால் எந்த ஆர்டரை முதலில் மூட வேண்டும் என்று இந்த ஃபங்ஷனையே எழுதினீர்களோ, அது ஒன்றுதான் அக்கவுண்டில் திறந்தே கிடக்கும். சந்தை எதிர்த்திசையில் போனால் மொத்த நஷ்டமும் அதில் வளரும். பிழைச் செய்தி நின்றுபோனதை வைத்து லூப் சரியாகிவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். தாளில் ஓட்டிப் பார்த்த விடையும் ஜர்னலில் வந்த விடையும் ஒத்துப்போனால்தான் சரி.

சிலர் தொடக்க மதிப்பாக டைம்கரண்ட், அதாவது சர்வரின் தற்போதைய நேரத்தைப் போடுவார்கள். ‘எல்லா ஆர்டரும் இப்போதைக்கு முன்னால் திறந்ததுதானே’ என்பது கணக்கு. ஆனால் இதே விநாடியில் திறந்த ஆர்டர் ‘முன்னது’ ஆகாது, சமம்தான். ‘<’ அதைத் தவறவிடும். புரோகிராம் தொடங்கும்போது ஓடும் ஆன்இனிட்டில் ஒரே ஒரு முறை இந்த மதிப்பைப் போட்டால் நிலைமை இன்னும் மோசம். அதன்பின் திறக்கும் எல்லா ஆர்டருமே அதைவிடப் பிந்தியவை, ஒன்றும் கிடைக்காது. எனக்குப் பிடித்த வழி, நேரத்தை வைத்து ‘கிடைத்ததா’ என்று தீர்மானிக்காமல் டிக்கெட்டை வைத்துத் தீர்மானிப்பது. பழையடிக்கெட் -1 என்று தொடங்குகிறது. -1 என்றால் இன்னும் யாரையும் பார்க்கவில்லை. பொருந்துகிற முதல் ஆர்டரைக் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள், அடுத்ததிலிருந்து ஒப்பிடு. கடைசி வரை -1 என்றால் பொருந்திய ஆர்டர் இல்லை. அழைத்த இடத்தில் இதைச் சோதித்துவிட்டுத்தான் ஆர்டர்குளோஸுக்குப் போக வேண்டும்.

முழு ஃபங்ஷனையும் சொற்களில் எழுதினால் இப்படி வரும்:

பழையடிக்கெட் = -1, பழையநேரம் = 0 என்று உள்ளேயே அறிவி.
‘ஐ’ மொத்தம் - 1 முதல் 0 வரை, 0-வையும் சேர்த்து:
ஆர்டர்செலக்ட் தோற்றால் அடுத்ததுக்குப் போ.
சிம்பல் வேறு என்றால் அடுத்ததுக்குப் போ.
மேஜிக் நம்பர் வேறு என்றால் அடுத்ததுக்குப் போ.
வகை பை இல்லையென்றால் அடுத்ததுக்குப் போ.
நேரம், டிக்கெட் இரண்டையும் உடனே சொந்த வேரியபிளில் எடுத்து வை.
பழையடிக்கெட் -1 ஆக இருந்தால், அல்லது நேரம் < பழையநேரம் என்றால், அல்லது நேரம் சமமாக இருந்து டிக்கெட் சிறியது என்றால், இரண்டையும் மாற்று.
லூப் முடிந்ததும் பழையடிக்கெட்டைத் திருப்பித் தா.

‘அடுத்ததுக்குப் போ’ என்பது கண்டின்யூ. பிரேக் அல்ல. நடுவில் பிரேக் போட்டால் முதலில் பொருந்தியதோடு நின்றுவிடும். அது பழையதா இல்லையா என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

வகை பற்றிய வரி உங்கள் கோடில் இல்லை. ஆர்டர்ஸ்டோட்டல் திறந்த ஆர்டர்களோடு பெண்டிங் ஆர்டர்களையும் (குறித்த விலை வரும்வரை காத்திருப்பவை) சேர்த்தே எண்ணும். பை 0, செல் 1. லிமிட், ஸ்டாப் வகைகள் 2 முதல் 5 வரை. திங்கட்கிழமை போட்டு விலை இன்னும் தொடாமல் இருக்கிற ஒரு பை லிமிட், செவ்வாய்க்கிழமை திறந்த நிஜ ஆர்டரைவிடப் பழையதாகத் தெரியும். அதை ஆர்டர்குளோஸால் மூடவும் முடியாது, ஆர்டர்டிலீட் வேண்டும். இப்போது நீங்கள் பெண்டிங் ஆர்டர் பயன்படுத்தவில்லை என்றாலும் அந்த வரியைப் போட்டு வையுங்கள்.

இங்கே இன்னொரு குறுக்குவழியையும் தடுத்துவிடுகிறேன். ‘டிக்கெட் நம்பர் ஏறிக்கொண்டே போகிறது, சிறிய டிக்கெட்தானே பழையது’ என்று பலர் எழுதுகிறார்கள். திங்கட்கிழமை போட்ட பெண்டிங் ஆர்டர் புதன்கிழமை நிறைவேறினால் டிக்கெட் திங்கட்கிழமையுடையதே. திறந்த நேரம் புதன்கிழமையாக மாறிவிடும். எதிர்ப்புறமும் உண்டு. ஓர் ஆர்டரின் லாட்டில், அதாவது அளவில், பாதியை மட்டும் மூடினால், மீதிப் பாதிக்குப் புது டிக்கெட் வரும், திறந்த நேரம் பழையபடியே இருக்கும். பெரிய டிக்கெட், பழைய நேரம். ஆகவே டிக்கெட்டை வயதாக எடுக்காதீர்கள். மேலே சமமான நேரத்துக்கு மட்டும் டிக்கெட்டைப் பயன்படுத்தியதற்குக் காரணம் வேறு. மெட்டாட்ரேடர் 4-இல் திறந்த நேரம் விநாடி வரைதான். ஒரே டிக்கில் இரண்டு ஆர்டர் போட்டால் இரண்டுக்கும் ஒரே நேரம் அமையலாம். அப்போது எது கிடைக்கும் என்பது லூப் மேலிருந்து ஓடுகிறதா, கீழிருந்து ஓடுகிறதா என்பதைப் பொறுத்துவிடும். டிக்கெட்டை வைத்தால் எப்போதும் ஒரே பதில் வரும்.

‘உடனே சொந்த வேரியபிளில் எடுத்து வை’ என்ற வரியை அழுத்திச் சொல்ல வேண்டும். எனக்கு இதில் இரண்டு இரவுகள் போயிருக்கின்றன. ஆர்டர்செலக்ட் ஓர் ஆர்டரின் விவரங்களைப் பிரதி எடுத்து வைக்கிறது. ஆர்டர்ஓப்பன்டைம், ஆர்டர்டிக்கெட் எல்லாம் கடைசியாக எடுத்த அந்தப் பிரதியிலிருந்துதான் படிக்கின்றன. ‘தேர்ந்தெடுத்த ஆர்டர்’ என்பது புரோகிராம் முழுக்க ஒன்றுதான். நான் லூப்பின் நடுவே, மொத்த லாபத்தைக் கணக்கிடும் வேறொரு ஃபங்ஷனை அழைத்திருந்தேன். அதற்குள்ளும் ஓர் ஆர்டர் லூப். அது முடிந்து திரும்பும்போது தேர்வில் இருந்தது வேறு ஆர்டர். நேரம் ஓர் ஆர்டருடையது, டிக்கெட் இன்னொன்றுடையது. என் லூப்பை எத்தனை முறை வாசித்தாலும் பிழை தெரியவில்லை, ஏனென்றால் பிழை அந்த லூப்பில் இல்லை. அன்றிலிருந்து செலக்ட் செய்த அடுத்த வரிகளிலேயே தேவையானதை எல்லாம் எடுத்து வைத்துக்கொள்கிறேன். வேறு ஃபங்ஷனை அழைப்பதாக இருந்தால் அதற்குப் பிறகுதான்.

லூப்பின் திசை பற்றியும் கேட்டிருந்தீர்கள். தேடுவதற்கு மட்டும் என்றால் எந்தத் திசையும் சரி. லூப்புக்கு உள்ளேயே மூடுவதாக இருந்தால் மேலிருந்து கீழேதான் வர வேண்டும். 0-ஐ மூடியதும் 1-இல் இருந்தது 0-க்கு நகர்ந்துவிடும், ஏறிக்கொண்டே போகிற லூப் அதைத் தாண்டி 1-க்குப் போய்விடும். உங்களுக்கு இந்தக் கவலையே வேண்டாம். தேடுவது ஒரு ஃபங்ஷன், மூடுவது இன்னொன்று என்று பிரித்தே வையுங்கள்.

பிரிண்ட் போடும் விதத்தையும் மாற்றுங்கள். நீங்கள் லூப் முடிந்த பிறகு இறுதி விடையை மட்டும் அச்சிட்டிருக்கிறீர்கள். அது விடை தவறு என்று சொல்லும். எங்கே தவறியது என்று சொல்லாது. லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் ‘ஐ’, செலக்ட் வென்றதா, டிக்கெட், வகை, மேஜிக், திறந்த நேரம் எல்லாம் ஒரே வரியில் வர வேண்டும். கண்டின்யூக்களுக்கு முன்னால் போடுங்கள். இல்லையென்றால் வடிகட்டப்பட்டவை தெரியாது, பெரும்பாலும் தெரிய வேண்டியது அவைதான். நேரத்தை டைம்டுஸ்ட்ரிங் மூலம் எழுதும்போது விநாடியையும் கேட்டு வாங்குங்கள். சும்மா விட்டால் நிமிடம் வரைதான் காட்டும், 10:20:04-உம் 10:20:51-உம் ஒன்று போலத் தெரியும். ஒவ்வொரு டிக்கிலும் அச்சிட்டால் ஜர்னல் நிரம்பிவிடும்; ஆர்டர் எண்ணிக்கை மாறியபோது மட்டும் அச்சிட்டால் போதும்.

மெட்டாட்ரேடர் 5-க்கு மாறும் யோசனை இருந்தால் ஒன்றைச் சொல்லி வைக்கிறேன். அங்கே ஆர்டர்ஸ்டோட்டல் பெண்டிங் ஆர்டர்களை மட்டும்தான் எண்ணும். திறந்திருப்பவை பொசிஷன்கள், அவற்றுக்கு பொசிஷன்ஸ்டோட்டல். லூப்பை அப்படியே கொண்டுபோனால் திறந்திருக்கும் டிரேடு எதுவும் கண்ணில் படாது. மில்லிவிநாடி வரை நேரம் கிடைப்பது நல்ல வசதி. ஆனால் நெட்டிங் வகை அக்கவுண்டில் ஒரு சிம்பலுக்கு ஒரே பொசிஷன்தான், ‘பழைய ஆர்டர்’ என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை.

பழைய ஆர்டரை முதலில் மூடுவது உங்கள் உத்தியா, அல்லது புரோக்கர் கேட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. அமெரிக்க புரோக்கர் என்றால் இது முக்கியம். அந்நாட்டின் நேஷனல் ஃபியூச்சர்ஸ் அசோசியேஷன் என்ற கட்டுப்பாட்டு அமைப்பு 2009-இல் கொண்டுவந்த 2-43(பி) விதிப்படி, ஃபாரெக்ஸில் முதலில் திறந்ததையே முதலில் மூட வேண்டும். ஆனால் ஒரே அளவுள்ள ஆர்டர்களுக்குள் அந்த அளவில் மிகப் பழையதை மூடச் சொல்லும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு, வேறு அளவில் இன்னும் பழையது திறந்திருந்தாலும். அப்படியானால் உங்கள் வடிகட்டியில் லாட் அளவும் ஒரு நிபந்தனையாகச் சேரலாம். லாட் தசம எண் என்பதால் ‘==’ போட்டு ஒப்பிடாதீர்கள். வித்தியாசம் மிகச் சிறியதா என்று பாருங்கள்.

சரி, மாற்றியபின் டெமோ அக்கவுண்டில் இப்படிச் சோதியுங்கள். கையால் ஆர்டர் போட்டுச் சோதிப்பதானால் அவற்றின் மேஜிக் நம்பர் 0 என்பதை மறக்க வேண்டாம். உங்கள் வடிகட்டியில் தற்காலிகமாக 0 வையுங்கள். முதலில் ஒரே ஒரு பை. அதன் டிக்கெட் வர வேண்டும், -1 அல்ல. அப்புறம் சில நிமிட இடைவெளியில் இன்னும் இரண்டு. முதல் டிக்கெட்டே தொடர்ந்து வர வேண்டும். அதைக் கையால் மூடுங்கள், அடுத்த டிக்கிலேயே விடை இரண்டாவது டிக்கெட்டுக்கு மாற வேண்டும். பிறகு இரண்டாவதில் பாதி லாட்டை மூடுங்கள். மீதிப் பாதியின் புது டிக்கெட், மூன்றாவதை விடப் பெரிய எண்ணாக இருந்தும், அதுவே விடையாக வர வேண்டும். கடைசியாக எல்லாவற்றையும் மூடுங்கள்: -1. இந்த ஐந்தில் எது தவறினாலும், அந்தச் சுற்றின் பிரிண்ட் வரிகளை மட்டும் அனுப்புங்கள், முழுக் கோடும் தேவையில்லை.